வெற்றுப் பக்கங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'வட்டம் கடந்து வந்த பாதை' என்னும் பொருளில் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். சான்றாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நம் நிகழ்ச்சிக் குறிப்பேட்டையும் கொடுத்தனுப்பினார். மூன்று இரவுகள் அதைப் புரட்டிப் பார்த்தேன். யார் எந்தக் கவிதையைப் படித்தார், யார் மறுத்துரைத்தார், தேநீருக்கு யார் பொறுப்பேற்றார் என்பன எல்லாம் அதில் உள்ளன. 2020 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தின் குறிப்பு, 'அடுத்த கூட்டம் ஏப்ரல் 12' என்று முடிகின்றது. அதன்கீழ்ப் பதினான்கு கையொப்பங்கள். அதற்கு அடுத்த பதிவின் தேதி 2022 மார்ச் 13. இடையில் இருபத்து மூன்று கூட்டங்களுக்குரிய பக்கங்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன. அக்காலத்தில் நான்கைந்து முறை கணினித் திரையில் கூடினோம் என்பது உண்மைதான். கையொப்பமிட இயலாத கூட்டத்தைக் கூட்டமாகக் கருத இயலாது என்று எண்ணிச் செயலாளர் அவற்றைப் பதியவில்லை போலும்.

பத்தாண்டுச் சாதனைகளைப் பட்டியலிடப் பிறர் இருக்கின்றார்கள். நான் அந்த வெற்றுப் பக்கங்களைப் பற்றி மட்டும் பேச விரும்புகின்றேன். விழா மேடைக்கு உரிய பொருள் இதுதானா என்று சிலர் எண்ணலாம். பொறுத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கின்றேன். 'ஊரடங்கு' என்பது நமக்குப் புதிய சொல் அன்று. 'ஊரடங்கிய பிறகு வா' என்று என் பாட்டி சொன்னால், உலை இறங்கி, விளக்கு அணைந்து, நாய்களும் ஓய்ந்த நேரம் என்று பொருள். ஊர் தானாக அடங்கும் இனிய பொழுது அது. பின்னர்க் கலவரக் காலங்களில் 'ஊரடங்கு உத்தரவு' என்று அச்சொல்லோடு அதிகாரம் ஒட்டிக்கொண்டது. 2020 மார்ச் 22 ஞாயிறன்று ஒரு நாள் ஊரடங்கு வந்தது. மாலை ஐந்து மணிக்குக் கைதட்டினோம். மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. இரவு எட்டு மணிக்கு நாடு முழுவதற்கும் 21 நாள் முடக்கம் அறிவிக்கப்பட்டு, அன்று நள்ளிரவே தொடங்கியது. பாட்டியின் சொல் அன்றிரவு முற்றிலும் வேறொன்றாகிவிட்டது.

நம் புறநகரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று இருப்புப்பாதையை ஒட்டி நீளும் இவ்வூர்கள் கிராமமும் அல்ல, நகரமும் அல்ல. விடியலில் சென்னைக்குப் போய் இரவில் உறங்க மட்டும் திரும்பி வருவோரின் ஊர்கள் இவை. நம்மில் பலருக்குக் கடிகாரம் என்பதே செங்கல்பட்டு மின்தொடர் வண்டிதான். அந்த வண்டி நின்றது. 2020 டிசம்பர் 23 முதல்தான், அதுவும் நேரக் கட்டுப்பாட்டோடு, பொதுமக்கள் அனைவரும் மீண்டும் அதில் ஏற முடிந்தது. ஒன்பது மாதங்கள்! வண்டி நின்ற முதல் வாரத்தில், எந்நேரத்தில் எதைச் செய்வது என்று அறியாமல் வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரரும் அவ்வாறே நின்றிருந்தார். பதினோர் ஆண்டுகள் எதிரெதிரே வாழ்ந்தும் அன்றுதான் அவர் பெயரைக் கேட்டறிந்தேன்.

பிறகு மெல்லப் பழகினோம். பழகுதல் என்பது எத்தனை விரைவில் நிகழ்கின்றது! காய்கறித் தள்ளுவண்டி வரும் நேரம் மனப்பாடமாயிற்று. பால் உறையைக் கழுவி வாங்கினோம். நியாயவிலைக் கடையில் வில்லை வாங்கி, ஆயிரம் ரூபாயும் அரிசியும் பருப்பும் பெறுவதற்குச் சுண்ணாம்பு வட்டங்களில் நின்றோம். கபசுரக் குடிநீரின் கசப்பு நாக்குக்குப் பழகியது. ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றினோம். மொட்டை மாடி என்று ஒன்று நம் வீட்டுக்கு இருப்பதைக் கண்டுபிடித்தோம். குயிலின் குரல் கேட்கின்றது என்று ஒருவருக்கொருவர் தொலைபேசியில் தெரிவித்துக்கொண்டோம். குயில் முன்பும் கூவிக்கொண்டுதான் இருந்தது.

கவிஞர்களாகிய நாம் அப்போது என்ன செய்தோம்? மறைக்காமல் சொல்லுகின்றேன். ஏப்ரல், மே இரு திங்களில் நான் பதினொரு கவிதைகள் எழுதினேன். மௌனத்தைப் பற்றி நான்கு, வானத்தின் நீலத்தைப் பற்றி மூன்று, எஞ்சியவை தனிமையைப் பற்றி. அவற்றை வரிசையாகப் படித்துக் காட்டியபோது, என் துணைவியார் கையில் இருந்த கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "இந்தத் தனிமை எந்த அறையில் இருக்கிறதுங்க? நானும் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்."

நான் விடை சொல்லவில்லை. வேலைக்கு வரும் அம்மாள் நின்றுவிட்டார். மகன் வீட்டிலிருந்தே அலுவல் பார்த்தான். பேரப்பிள்ளைகளுக்கு வகுப்பு கைப்பேசியில் நடந்தது. மூன்று வேளை அடுப்பு ஆறு வேளை ஆயிற்று. அந்த வீட்டில் தனிமை என்பது எனக்கு மட்டும் வாய்த்த ஒன்று. அவர் எனக்காக விலை கொடுத்து வாங்கித் தந்தது. அந்தப் பதினொரு கவிதைகளில் அவர் இல்லை. கீரையும் இல்லை.

நம் முன்னோர் திணைக்கு உரிப்பொருள் வகுத்தபோது முல்லைக்கு இருத்தலை வைத்தனர். பிரிந்து சென்றவன் வருவான் என்று வீட்டில் ஆற்றியிருத்தல். நாம் அனைவரும் அக்காலத்தில் முல்லைத் திணையில் வாழ்ந்தோம் என்று திரைவழிக் கூட்டம் ஒன்றில் நான் நயம்படப் பேசியதும், நீங்கள் பாராட்டியதும் நினைவுக்கு வருகின்றன. இன்று அதை நான் திரும்பப் பெறுகின்றேன். ஆற்றியிருப்பவளுக்கு வேலை எத்தனை என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இன்னொரு சொல் 'சமூக விலகல்'. தொடக்கத்தில் அப்படித்தான் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச் மாதத்தில், உடலளவில் விலகினால் போதும், சமூகமாக விலக வேண்டா என்னும் கருத்தில் சொல்லை மாற்றிக்கொண்டது. தமிழிலும் பின்னர்த் 'தனிமனித இடைவெளி' என்று எழுதலாயினர். சமூகம் விலகி நிற்பது எத்தகையது என்பதை நூற்றாண்டுக் கணக்கில் அறிந்த மண் இது. எந்தத் தெரு எந்தத் தெருவிலிருந்து எத்தனை அடி விலகியிருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாட்டில், அச்சொல்லை நாம் கூசாமல் பயன்படுத்தினோம்.

இங்கே செங்கல்பட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். 2019 நவம்பரில் தனி மாவட்டமாகி நான்கு மாதங்களுக்குள் முடக்கத்தைக் கண்ட மாவட்டம் நம்முடையது. ஆயினும் நோயின் பொருட்டு மனிதரைப் பிரித்து வைப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் தொழுநோய் விடுதி தொடங்கப்பெற்றது. 1955-இல் மத்திய அரசு அதனை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக வளர்த்தது. சிறுவனாக இருந்தபோது, பேருந்து அவ்வழியே போகையில் மூச்சை அடக்கிக்கொள்ளும்படி பெரியவர்கள் சொல்லுவார்கள். நானும் அடக்கிக்கொள்வேன். அந்த நோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களிலேயே வந்துவிட்டது. முறையாக உண்டால் முற்றும் குணமாகும் நோய் அது. எனினும், தொழுநோயாளரை அடைத்து வைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. மணவிலக்குக்கு அந்நோய் ஒரு காரணம் என்னும் விதி 2019-இல்தான் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. நோய் தீர்ந்த பின்னும் விலக்கு தீரவில்லை. நாற்பது நாள் வீட்டில், உற்றாரோடு, உணவோடு இருந்துகொண்டு தனிமையைப் பாடிய எனக்கு, திருமணி நினைவுக்கு வரவே இல்லை. பத்துக் கல் தொலைவில் இருந்தும் வரவில்லை.

இதே செங்கல்பட்டின் பெயர் உலக மருத்துவ நூல்களில் வேறொரு காரணத்தால் இடம் பெற்றுள்ளது. 1968-இல், அந்நாளைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருவள்ளூர் வட்டாரத்து ஊர்களில், காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை மிகப் பெரிய அளவில் ஆய்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றரை லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி அது. பதினைந்து ஆண்டுகள் வீடுவீடாகச் சென்று, யாருக்கு இருமல், யாருக்கு இல்லை என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். முடிவில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிய அந்த முடிவையும் மறைக்காமல் எழுதினார்கள். பலன் இல்லை என்று எழுதுவதற்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். இதை நான் ஏன் சொல்லுகின்றேன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தை வழியாகத் தொற்று பல மாவட்டங்களுக்கும் பரவியது. மே 5-இல் சந்தை மூடப்பட்டது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு நம் பகுதியிலும் முழு முடக்கம் மீண்டும் வந்தது. தொற்றுக் கண்ட வீட்டு வாயிலில் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். என் இளமையில் அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவார்கள். அந்த வீட்டுக்குள் அயலார் போக மாட்டார்கள். ஆனால் திண்ணையில் கூழும் மோரும் வைத்துவிட்டு, குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். அக்காலத்தை நான் பொன்னுலகம் என்று சொல்லவில்லை. பெரியம்மை குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. ஒட்டுத்தாள் ஒட்டிய வீட்டுக்கு நம் தெருவில் குரல் கொடுத்தவர் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கின்றேன்.

என் வீட்டிற்கு அடுத்த தெருவில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று பாதியில் நின்றது. அதில் வேலை செய்த ஒடிசாத் தொழிலாளர் ஒன்பது பேர் அதன் தரைத்தளத்திலேயே தங்கியிருந்தனர். ஒரு நாள், ஒரே நாள், எங்கள் வீட்டிலிருந்து அவர்களுக்குச் சாம்பார்ச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் அதைப் பற்றிக் கவிதை எழுதினேன். பலரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது அவர்கள் இல்லை. சிறப்பு இரயிலில் இடம் கிடைத்துப் போனார்களா, நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கினார்களா என்பதை இன்றுவரை நான் அறியேன். கவிதை முடிந்துவிட்டதால் விசாரிக்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் முதல் நாள் மாவட்டத்திற்குள் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அந்த மாதம் ஒரு நாள் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றேன். அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் பாரதப் பிரதமரும் சீன அதிபரும் அர்ச்சுனன் தபசின் முன்னும் வெண்ணெய் உருண்டைப் பாறையின் முன்னும் நின்ற காட்சியை உலகமே பார்த்தது. ஆறு மாதம் ஆவதற்குள், 2020 மார்ச் 17-இல், சின்னங்கள் அனைத்தும் மூடப்பட்டன. நான் போன நாளிலும் வேலிக்கு வெளியே நின்றுதான் கடற்கரைக் கோயிலைப் பார்க்க முடிந்தது. சங்கு, சோழி விற்கும் கடைகள் அடைத்துக் கிடந்தன. எப்போதும் காதை நிறைக்கும் உளியோசை எங்கோ ஓரிரு பட்டறைகளிலிருந்து மட்டும் வந்தது. 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது.

பட்டறை ஒன்றில் முதிய சிற்பி ஒருவர் பிள்ளையார் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக் கோயில் ஒன்றுக்காகச் செய்தது, அனுப்ப வழியில்லாமல் நிற்கின்றது என்றார். முடிந்த சிலையை ஏன் இன்னும் தேய்க்கின்றீர்கள் என்று கேட்டேன். "கையைச் சும்மா வைத்தால் மனசு கெட்டுப்போகுதுங்க ஐயா. கல்லுக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. வயித்துக்குத்தான் அவசரம்" என்றார். அவருடைய மகன் உளியை வைத்துவிட்டுத் தள்ளுவண்டியில் காய் விற்கப் போயிருந்தான். என் தெருவுக்கு வந்த தள்ளுவண்டிக்காரரும் அதற்கு முன் என்ன தொழில் செய்தார் என்று நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கடற்கரைக் குப்பங்களில் கதை வேறு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. விசைப்படகுகளுக்கு உரிய தடை அது. அக்காலத்தில் சிறு படகுக்காரர்களுக்குச் சற்று நல்ல விலை கிடைக்கும். அந்த ஆண்டு மார்ச் இறுதியிலேயே எல்லாப் படகுகளும் கரையேறின. பின்னர்ச் சிறு படகுகள் கடலுக்குப் போனபோதும் கூட்டம் கூடி ஏலம் விடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. தடைக்காலத்தை அரசு 47 நாளாகக் குறைத்தது. ஜூன் 1 முதல் விசைப்படகுகள் போகலாயின. 2004 டிசம்பர் 26-இல் இதே கரையில் கடல் ஊருக்குள் வந்தது. அப்போது மக்கள் கடலுக்கு அஞ்சினார்கள். இம்முறை கடல் அமைதியாக இருந்தது. கரையில் மனிதருக்கு மனிதர் அஞ்ச வேண்டியதாயிற்று. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பாடம் நடத்திய நான், வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மையாரிடம் விலை கேட்டு, பேரம் பேசாமல் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான செயல் அதுதான் என்று நினைக்கின்றேன்.

இனி, இவ்வுரையின் கடினமான பகுதிக்கு வருகின்றேன்.

2021 மே 10-இல் மீண்டும் முழு முடக்கம் வந்தது. இரண்டாம் அலை. ஆக்சிஜன் என்னும் வேதியியல் பாடச் சொல் தெருவில் கதறலாகக் கேட்ட மாதம் அது. வண்டலூர் விலங்குக் காட்சியகத்துச் சிங்கங்களையும் அத்தொற்று விடவில்லை. நீலா என்ற பெண் சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது. அந்த மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் நம் வட்டத்து அன்பர் ஒருவர் மறைந்தார். மார்ச் 8-ஆம் தேதிப் பக்கத்தில் ஏழாவதாக உள்ள கையொப்பம் அவருடையது. ஓய்வு பெற்ற அஞ்சல்காரர். வெண்பா ஒன்றே எழுதுவார். தளை தட்டினால் முகம் வாடிவிடும், நம் தளை தட்டினாலும். ஒவ்வொரு கூட்டத்திற்கும் எவர்சில்வர்த் தூக்கில் சுக்குக் காப்பி கொண்டுவருவார்.

அவருடைய மகன் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. முகத்தைக் காட்ட மாட்டார்கள். "நீங்க வர வேண்டாம் ஐயா, உங்களுக்கும் வயசாயிடுச்சு" என்றார். அவர் அப்படிச் சொன்ன அந்த நொடியில் என் உள்ளத்தில் எழுந்தது துயரம் அன்று. நிம்மதி. போகாமல் இருக்க ஒரு நியாயம் கிடைத்துவிட்ட நிம்மதி. துயரம் அதற்குப் பின் வந்தது. நான்காண்டு நட்புக்கு நான் செலுத்திய முதல் மரியாதை அந்த நிம்மதிதான். இருபது பேருக்கு அனுமதி இருந்தது. சென்றவர் ஐவர் என்று பின்னர் அறிந்தேன். ஆறாவது ஆளாக நான் நின்றிருக்க முடியும்.

திரைவழி இரங்கற்கூட்டம் நடத்தலாம் என்று பேசினோம். பிறகு நேரில் கூடும்போது முறையாக நடத்தலாம் என்று ஒத்திவைத்தோம். 2022 மார்ச் 13-இல் கூடியபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. மீண்டும் சந்தித்த மகிழ்ச்சியில் இரங்கல் தீர்மானம் இரண்டு வரியில் முடிந்தது. குறிப்பேட்டில் அது இருக்கின்றது. இரண்டே வரி.

1918-ஆம் ஆண்டின் நச்சுக் காய்ச்சலில் இந்தியாவில் கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிடுகின்றனர். 1921 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்து காணப்பட்டது. இந்திக் கவிஞர் நிராலா அக்காய்ச்சலில் மனைவியையும் உறவினரையும் இழந்தவர். கங்கைக் கரையில் கண்டதைப் பின்னாளில் தம் 'குல்லி பாட்' என்னும் நூலில் எழுதி வைத்தார். நம் தாத்தாமார் கண்டதை யார் எழுதினார்கள் என்று தேடினேன். என் கைக்கு எட்டியவை மிகச் சில. அவர்களும் நம்மைப் போலவே, எல்லாம் சரியான பிறகு முறையாக எழுதலாம் என்று எண்ணியிருக்கக் கூடும்.

ஆகையால் இந்த விழாவில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றேன். அந்த வெற்றுப் பக்கங்களை நாம் நிரப்ப வேண்டும். கவிதை வேண்டா. ஒவ்வொருவரும் ஒரு பக்கம், உரைநடையில், தேதியிட்டு எழுதுவோம். அன்று என்ன உண்டோம், யார் சமைத்தார், யாருக்குக் கதவைத் திறந்தோம், யாருக்குத் திறக்கவில்லை என்று எழுதுவோம். பி.சி.ஜி. ஆய்வாளர்கள் பலன் இல்லை என்பதையும் எழுதி வைத்தார்களே, அதுபோல நாம் செய்யத் தவறியதையும் எழுதுவோம். வீட்டில் இருப்போரையும் எழுதச் சொல்லுவோம். என் துணைவியார் ஒரு பக்கம் எழுத ஒப்புக்கொண்டுள்ளார். அதைத் திருத்தக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை.

இரண்டாவதாக, மறைந்த நண்பரின் வெண்பாக்கள் அடங்கிய குறிப்பேடுகள் அவர் இல்லத்தில் உள்ளன. இத்தனை ஆண்டுகளில் நாம் ஒருவரும் சென்று கேட்கவில்லை. சென்ற வாரம் நான் சென்றேன். மகன் மூன்று ஏடுகளை எடுத்துக் கொடுத்தார். தளை எங்கும் தட்டவில்லை. அவற்றை நூலாக்கும் பொறுப்பை வட்டம் ஏற்க வேண்டும். செலவில் என் பங்கை இன்றே செயலாளரிடம் அளிக்கின்றேன்.

முதல் பக்கத்தை நான் எழுதிவிட்டேன். தேதி 2021 மே. அந்தத் தொலைபேசி அழைப்பும் அந்த நிம்மதியும் அதில் உள்ளன. குறிப்பேடு இந்த மேசையின்மேல் இருக்கின்றது. எழுதுகோலும் இருக்கின்றது. தேநீருக்குப் பின் எல்லோரும் ஒரு முறை வந்து பாருங்கள்.